தேர்வுக்கு மறுநாள் திடலில் யார்?

1992-க்கும் 2007-க்கும் நடுவில் சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் போன யாரிடமாவது ‘டாஃப் கிளப்’ என்று சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். சிரித்தவர் பெரும்பாலும் அந்த கிளப்பில் இல்லாதவர். பேச்சை மாற்றியவர் எங்கே இருந்தார் என்று கேட்க வேண்டியதில்லை.

டாஃப் என்பது ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ என்ற கல்வி அமைச்சுத் திட்டத்தின் சுருக்கம். எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து, கூடுதல் உடற்பயிற்சி கொடுத்து, எடையைக் குறைக்க வைப்பது அதன் வேலை. டி, ஏ, எஃப். இந்த மூன்று எழுத்தையும் திருப்பிப் போட்டால் என்ன வரும் என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை போல. பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகியிருக்காது. எஃப், ஏ, டி. ஃபேட்.

அந்தத் திட்டத்தைத் திட்டி எழுதுவது சுலபம். நிறையப் பேர் எழுதியும் விட்டார்கள். எனக்கு இருப்பது அதைவிடப் பழைய கேள்வி. பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று எதற்காக ஓடுகிறது? யாரோ ஓடச் சொன்னதாலா, ஓடாவிட்டால் தண்டனை என்பதாலா, ஓடினால் பதக்கம் என்பதாலா, இல்லை முன்னால் ஒரு பந்து ஓடுகிறது என்பதாலா? இந்தத் தீவு ஒவ்வொரு காலத்திலும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்லி, அந்தப் பதிலை வைத்தே தன் பிள்ளைகளை ஓடவும் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரிசையில் நின்ற உடல்கள்

பிரிட்டிஷ் காலத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ‘டிரில்’. வரிசை, விசில், எண்ணிக்கை. கை மேலே, கை கீழே. யார் நன்றாகச் செய்தார்கள் என்பதைவிட யார் வரிசை கலையாமல் செய்தார்கள் என்பதுதான் கணக்கு.

1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். ஊரின் பெயர் சியோனான் ஆனது. ஜப்பானில் 1928-இல் தொடங்கிய ‘ராஜியோ தாய்சோ’ என்ற வானொலி உடற்பயிற்சியும் கூடவே வந்தது. காலையில் வானொலியில் இசை வரும். மாணவர்களும் ஊழியர்களும் அதற்கேற்பக் கையைக் காலை அசைக்க வேண்டும். எசமானும் மொழியும் மாறினாலும் வரிசை மாறவில்லை. 1945-இல் ஜப்பானியர் போனதோடு அந்தக் காலைநேர இசையும் போய்விட்டது. ஆணையிட்ட கை போனதும் அசைந்த கைகள் நின்றுவிட்டன. ஜப்பானில் இன்றும் பூங்காக்களில் முதியவர்கள் அதே இசைக்கு விருப்பத்தோடு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சி ஒன்றுதான். அங்கே அது அவர்களுடையது. இங்கே அது யாருடையதோ.

சுதந்திரத்துக்குப் பிறகு கேள்வி இன்னும் கூர்மையானது. 1965-இல் தனித்து நின்ற சின்ன நாடு. 1967-இல் கட்டாயத் தேசிய சேவை வந்தது. ‘உறுதிவாய்ந்த சமுதாயம்’ என்ற பேச்சு அந்த ஆண்டுகளில் அடிக்கடி கேட்டது. பதினாறு வயதுப் பையனின் நெஞ்சும் காலும் அவனுடைய சொந்த விஷயமாக இருந்தது போய் நாட்டின் விஷயமானது. இன்னும் இரண்டு வருடத்தில் துப்பாக்கி தூக்கப் போகிறவன் மூச்சு வாங்கினால் எப்படி? சின்ன நாட்டின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம்தான் பின்னால் வந்த எல்லாத் திட்டங்களுக்கும் அடித்தளம் என்பதை மறக்காமல் மேலே போவோம்.

1973: ஒரு அரங்கம், ஒரு பேனா

1973 ஜூலையில் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறந்தது. தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் அந்த ஆண்டு இங்கே நடந்தன. அந்தச் சமயத்தில் பிரதமர் லீ குவான் இயூ சொன்ன கருத்து ஒன்றை விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார்கள். சின்ன நாடுகளுக்குத் தங்கப் பதக்க வீரர்களால் பெரிய தேசிய லாபம் எதுவும் இல்லை, மக்கள் அனைவரையும் உடற்பயிற்சியில் ஈடுபடுத்துவதுதான் சிறந்த பலன் என்பது அதன் சாரம்.

ஒரு விதத்தில் அருமையான கருத்து. பத்து வீரர்களைவிட இருபது லட்சம் ஆரோக்கியமான மனிதர்கள் முக்கியம் என்று சொல்ல எத்தனை தலைவர்களுக்குத் துணிச்சல் வரும்? ஆனால் அந்த வாதத்துக்குள் ‘லாபம்’, ‘பலன்’ என்ற கணக்கும் உட்கார்ந்திருக்கிறது. விளையாட்டில் சந்தோஷம் இருக்கிறது, அதுவே போதும் என்ற வரிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

அதே 1973-இல் உலகத்தின் மறுகோடியில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த குழந்தைகளை மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முதல் குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்ததும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் இப்போது வரைந்தார்கள். சான்றிதழ் வந்ததும் ஆசை போய்விட்டது.

இதை வைத்துப் பரிசே கூடாது என்று முடிவுகட்ட முடியாது. ஏற்கெனவே ஆசை இருக்கும் இடத்தில் வெளியிலிருந்து ஒரு காரணத்தைத் திணித்தால் உள்ளே இருந்த காரணம் ஒதுங்கிக்கொள்ளும் என்பதுதான் ஆய்வு காட்டியது. பின்னால் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இருவர் 1980-களில் இதைப் பெரிய கோட்பாடாகவே வளர்த்தார்கள். மனிதர் ஒரு செயலில் நிலைத்து நிற்க மூன்று விஷயம் வேண்டும் என்றார்கள். நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு. என்னால் முடியும் என்ற உணர்வு. என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. உடற்கல்வி ஆய்வாளர்கள் இன்றுவரை அதிகம் கையில் எடுக்கும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நம் பள்ளித் திடலுக்கு வருவோம்.

ஆறு நிலையம், ஆறு சுற்று

1982-இல் தேசிய உடலுறுதி விருது அறிமுகமானது. நாம் எல்லாரும் ‘நாஃபா’ என்று சொல்லும் அதே தேர்வு. சிட்-அப், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், உட்கார்ந்து முன்னால் வளைதல், புல்-அப், ஷட்டில் ரன், கடைசியில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம். ஆறு நிலையம். ஒவ்வொன்றிலும் ‘ஏ’ வாங்கினால் 5 புள்ளி, ‘இ’ வாங்கினால் 1. தங்கத்துக்கு 21 புள்ளி வேண்டும். அதோடு எந்த நிலையத்திலும் ‘சி’-க்குக் கீழே போகக் கூடாது.

அந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐந்து நிலையத்தில் பறந்து பறந்து ‘ஏ’ வாங்கிய பையன் கம்பியில் தொங்கி ஒரு தடவைகூட மேலே வர முடியவில்லை என்றால் தங்கம் போச்சு, வெள்ளி போச்சு, வெண்கலமும் போச்சு. நான் பொறியியல் படித்தவன். ஒரு சங்கிலியின் வலு அதன் பலவீனமான கண்ணியில் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பாலம் கட்ட அது சரியான சிந்தனை. பதினைந்து வயதுப் பையனுக்கு அவன் வருடம் முழுக்க முன்னேறிய ஐந்தை விட்டுவிட்டு, முடியாத ஒன்றைத்தான் அது நினைவில் தங்க வைக்கிறது. ‘என்னால் முடியும்’ என்ற உணர்வை அளக்க வந்த தேர்வு, பலருக்கு ‘என்னால் முடியாது’ என்பதைச் சான்றிதழ் போட்டுக் கொடுத்தது.

2.4 கிலோமீட்டர் என்ற விசித்திரமான தூரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒன்றரை மைல் அது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1960-களில் படைவீரர்களின் தாங்குசக்தியை அளக்க வகுத்த தேர்வுகளோடு சேர்ந்த தூரம். 400 மீட்டர் பாதையில் சரியாக ஆறு சுற்று. வயது வந்த படைவீரருக்கு வைத்த கேள்வி, கொஞ்சம் எண்களை மாற்றிக்கொண்டு, பள்ளிச் சீருடைக்குள் வந்து சேர்ந்தது.

இதை நாம் மட்டும் செய்யவில்லை. ஐரோப்பியப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் தங்கள் பிள்ளைகள் பலவீனமானவர்கள் என்ற அச்சத்தில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1956-இல் இளையர் உடலுறுதிக்கென்றே தனி மன்றம் அமைத்தார். 1966-இல் அதிபர் பெயரில் விருதும் வந்தது. பனிப்போர் காலம். அங்கேயும் கயிற்றில் ஏற முடியாத பிள்ளையின் பின்னால் ஒரு நாட்டின் பயம் நின்றுகொண்டிருந்தது.

நம் ஊரில் பையன்களுக்கு இன்னொரு தூண்டுகோலும் உண்டு. படையில் சேருமுன் நாஃபாவில் தங்கமோ வெள்ளியோ வாங்கியவனுக்கு முழுநேரத் தேசிய சேவை இரண்டு மாதம் குறையும். இரண்டு மாதம்! பதினெட்டு வயதில் அது எவ்வளவு பெரியது என்று ஆண் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேளுங்கள். புளோக் கீழே, இரவு பத்து மணிக்கு, கம்பியில் தொங்கி முனகிக்கொண்டிருப்பவனிடம் “ஏன்டா?” என்றால் “ரெண்டு மாசம்ணே” என்பான். அண்ணன்மார் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

தூண்டுகோல் வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. வெள்ளி கிடைத்த மறுவாரம் அந்தக் கம்பி காலியாக இருக்கிறது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு மாதக் கணக்கு கிடையாது. நாஃபா மட்டும் உண்டு. உலகம் முழுவதிலும் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் நாளுக்கு ஒரு மணி நேர உடலசைவு என்ற அளவைக்கூட எட்டுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் சொன்னார்கள். பையன்களில் 78, பெண்களில் 85. அந்த ஏழு விழுக்காட்டு இடைவெளிக்குள் என்னென்ன இருக்கும் என்று நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அரைக்கால் சட்டை, வெயில், “கறுத்துப் போயிடுவே”, “இருட்டுறதுக்குள்ள வந்துடு”, மாதத்தின் சில நாட்கள், சுற்றி நின்று பார்க்கும் கண்கள். ஸ்டாப்வாட்ச் இதில் எதையும் பதிவு செய்யாது.

எல்லாரும் சாப்பிடும் நேரத்தில்

1990-களின் தொடக்கத்தில் அரசாங்கத்தைக் கவலைப்பட வைத்தது பலவீனமான கை அல்ல, பெருத்த வயிறு. 1992-இல் மாணவர்களில் சுமார் 14 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்களாக இருந்தார்கள். அந்த ஆண்டுதான் ட்ரிம் அண்ட் ஃபிட் தொடங்கியது. பள்ளிகளுக்கும் விருது உண்டு. எத்தனை பேர் நாஃபாவில் தேறினார்கள், எத்தனை பேர் எடை மிகுந்தவர்கள் என்பதைப் பொறுத்து விருது. அதாவது குண்டான பிள்ளை ஒருவன் தன் பள்ளியின் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கிறவன் ஆனான். ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் இடுப்பளவு நிர்வாகத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டால், அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

எண்கள் இறங்கின. 2002-இல் 9.8 விழுக்காடு. 2006-இல் 9.5. திட்டம் தோற்றது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வேலை செய்யும் துறையில் ஒரு பேச்சு உண்டு: “எதை அளக்கிறமோ அதுதான் இறங்கும்.” எடையை அளந்தார்கள். எடை இறங்கியது. வேறு என்னென்ன இறங்கியது என்பதை அளக்க ஆள் இல்லை.

அந்தக் கடைசி ஆண்டுகளில் நான் தொடக்கநிலை மாணவன். இடைவேளை மணி அடித்ததும் நாங்கள் கேன்டீனுக்கு ஓடுவோம். என் வகுப்பு நண்பன் ஒருவன் திடலுக்கு ஓடுவான். மீ கோரெங் வரிசையில் நின்றபடி பார்த்தால் தெரியும். ஏழெட்டுப் பேர், ஒரு விசில், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மணி முடியப் போகும்போது வேர்த்து வழிய வந்து உட்காருவான். சில நாள் சாப்பிட நேரம் இருக்கும், சில நாள் இருக்காது. பல வருடம் கழித்து அதைப் பற்றிப் பேசினோம். “ஓடுறது பிடிக்கலைன்னு இல்லடா. எல்லாரும் சாப்பிடுறப்ப ஓடுறதுதான்...” என்றான். வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அவனை நகர வைத்தது அவன் புளோக் கீழே இருந்த டேபிள் டென்னிஸ் மேசை. சாயங்காலம் அங்கே நாலைந்து சீன அங்கிள்கள் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒரு நாள் இவனைக் கூப்பிட்டார்கள். யாரும் எடை கேட்கவில்லை. பந்து வந்தது, திருப்பி அடித்தான், அடுத்த நாளும் போனான். அவன் ஒல்லியாகிவிடவில்லை. இன்றும் அதே உடம்புதான். ஆனால் வேலை முடிந்து வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறான், என்னைத் தோற்கடிக்கிறான். நான் நாஃபாவில் வாங்கியது வெள்ளி. நான் ஓடி எத்தனை மாதம் ஆகிறது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

டாஃப் வீழ்ந்தது மெதுவாகத்தான். கேலிக்கு ஆளான பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்கள் பேசினார்கள். இந்த மாதிரியான அழுத்தம் உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கு இட்டுச் செல்லுமா என்ற கேள்வியும் எழுந்தது. 2007 மார்ச்சில் கல்வி அமைச்சு திட்டத்தை முடித்துக்கொண்டது. எல்லா மாணவர்களையும் சேர்த்து, மனநலத்தையும் கணக்கில் எடுக்கும் பரந்த அணுகுமுறை அதன் இடத்துக்கு வந்தது. பதினைந்து ஆண்டு நடந்த ஒன்றைத் தவறு தெரிந்து நிறுத்த எந்த நிர்வாகத்துக்கும் மனத்திடம் வேண்டும். அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டே விமர்சிக்க வேண்டும்.

திட்டத்துக்கு வெளியே ஓடியவர்கள்

அறிக்கைகளுக்கு வெளியே இன்னொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது.

சி. குணாளனை எடுத்துக்கொள்வோம். ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர், காற்பந்தாட்டக்காரர். 1963-இல், இருபதைத் தாண்டிய வயதில், அவர் ஆடும்போது அவருடைய வேகத்தைப் பயிற்றுநர் டான் எங் யூன் கவனித்தார். அதற்குப் பிறகுதான் தடகளம். 1966 ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரில் வெள்ளி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 விநாடி. அந்தத் தேசியச் சாதனையை 2001-இல் யு. கே. ஷியாம் ஒரே ஒரு நூறில் ஒரு பங்கு விநாடியில் முறியடிக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரின் மிக வேகமான மனிதரை ஓட்டத் தேர்வு எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பந்தைத் துரத்தியபோது ஒரு மனிதக் கண் கண்டுபிடித்தது. குணாளன் பின்னால் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராகத் தன் வாழ்நாளைச் செலவிட்டார்.

கே. ஜெயமணி 1977 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 1983-இல் மாரத்தானிலும் தங்கம். “பொம்பளப் புள்ள ஓடி என்ன ஆகப் போகுது” என்று கேட்கும் எந்தத் தமிழ் வீட்டுக்கும் அந்தப் பெயர் ஒரு பதில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது தனிக் கதை.

அதே 1977-இல், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில், சிங்கப்பூர் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. என் அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எஸ். ராஜகோபால் மூலையிலிருந்து பந்தை வாழைப்பழம் மாதிரி வளைத்து அடிப்பதில் பேர் வாங்கியவர். அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் அவர் கூட்டாளிகளும் வெறுங்காலில், இரண்டு பக்கமும் செருப்பை வைத்து கோல்போஸ்ட் ஆக்கி, இருட்டும்வரை அதையே அடித்துப் பார்ப்பார்களாம். “ஒரு தடவையாச்சும் வளைஞ்சுச்சாப்பா?” என்று கேட்டேன். “வளையல. நகம்தான் பேந்துச்சு” என்றார். அந்தக் கூட்டத்தை யாரும் அளக்கவில்லை. தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் டெசியும் ரையனும் சொன்ன மூன்றும் அங்கே இருந்தன. தானே தேர்ந்தெடுத்த ஆட்டம், நாளைக்கு வளைந்துவிடும் என்ற நம்பிக்கை, கூட நாலு பேர்.

அப்பா காலத்துத் திடல்களில் கட்டடங்கள் எழுந்தன. கிராமங்களை விட்டு வந்த மக்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் முற்றமானது. அங்கேயும் பந்து உருண்டது. கொஞ்ச காலத்தில் சுவரில் பலகை வந்தது: காற்பந்து விளையாடக் கூடாது. மேலே தூங்கும் தாத்தாவுக்கும் உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், ஒரு பலகை பிள்ளையிடம் ஓடாதே என்கிறது, ஒரு விசில் அதே பிள்ளையை ஓடு என்கிறது. பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? ஓடுவது என்பது எனக்குப் பிடித்த நேரத்தில், பிடித்த இடத்தில், பிடித்தவர்களோடு செய்வது இல்லை. பெரியவர்கள் சொல்லும்போது செய்வது. இதுதான் நாம் அறியாமல் சொல்லிக்கொடுத்த பாடம்.

சாட்டைக்குப் பிறகு சர்க்கரை

2007-க்குப் பிறகு காற்று மாறியது. 2014-இல் வந்த புதிய உடற்கல்விப் பாடத்திட்டம் வாழ்நாள் முழுக்க உடலசைவை ரசிப்பதைத் தன் இலக்காகச் சொன்னது. அதே ஆண்டு ‘ஆக்டிவ் எஸ்ஜி’ தொடங்கி, நீச்சல்குளத்துக்கும் உடற்பயிற்சிக்கூடத்துக்கும் செலவழிக்க உறுப்பினர்களுக்கு 100 வெள்ளி கொடுத்தது. 2015-இல் தேசிய நடைச் சவால் வந்தது. மணிக்கட்டில் ஒரு பட்டை, நாளுக்குப் பத்தாயிரம் காலடி, புள்ளிகள், பற்றுச்சீட்டு. அதில் சேர 17 வயது ஆகியிருக்க வேண்டும், என்றாலும் காலத்தின் போக்கு அதில் தெரிகிறது. அவமானம் போய் வெகுமதி வந்தது. மனிதத்தன்மையில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் கணக்கு அதே கணக்குதான். பட்டையைக் கழற்றிய மறுநாள் என்ன நடக்கும்? 1973-இல் அந்தப் பாலர் பள்ளியில் கிடந்த பேனாக்கள் நினைவுக்கு வருகின்றன.

இங்கே ஒரு கடினமான எண்ணைத் தாண்டிப் போக முடியாது. பள்ளிப் பிள்ளைகளில் எடை மிகுந்தவர்கள் 2017-இல் 13 விழுக்காடு, 2021-இல் 16 விழுக்காடு. டாஃப் காலத்தின் 9.5 எங்கே, இது எங்கே? “பார்த்தீங்களா, அப்ப சரியாத்தான் செஞ்சாங்க” என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து வயதில் சேரும் எடை நாற்பது வயதில் வட்டியோடு திரும்பி வரும். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று உடம்பைக் கைவிடுவதும் அன்பு ஆகாது.

ஆனால் இடையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். திறன்பேசி வந்தது. உணவு வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியது. கொள்ளைநோய் வந்து திடல்களைப் பூட்டியது. டியூஷன் மட்டும் பூட்டாமல் திரையில் தொடர்ந்தது. அதைவிட முக்கியமான விஷயம் இது. அந்த 9.5 தானாக நிற்கும் எண்ணாக இருந்திருந்தால் விசில் நின்றபின்னும் நின்றிருக்க வேண்டும். டாஃபில் ஓடிய பிள்ளைகள் இன்று பெற்றோர் ஆகும் வயதில் இருக்கிறார்கள். ஓடுவதைத் தண்டனையாகக் கற்றவர் தன் பிள்ளையைச் சனிக்கிழமை காலையில் திடலுக்குக் கூட்டிப் போவாரா? ஒரு தலைமுறைக்குக் கொடுத்த அவமானம் அடுத்த தலைமுறையின் சோம்பலாகத் திரும்பி வரலாம். இதை நிரூபிக்க என்னிடம் எண் இல்லை. ஆனால் டாஃப் கிளப் என்றதும் பேச்சை மாற்றும் முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

எதை அளப்பது?

டிரில், வானொலி இசை, பதக்கம், இரண்டு மாதம், இடைவேளை ஓட்டம், பற்றுச்சீட்டு. எதுவும் முழுத் தோல்வி இல்லை. எல்லாமே உடம்பைத் திடலுக்குக் கொண்டுவந்தன. அந்த உடம்பு மறுநாள் தானாகத் திரும்பி வரும்படி மட்டும் எதுவும் செய்யவில்லை. கொண்டுவருவது ஒரு வேலை, திரும்பி வர வைப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு அதிகாரம் போதும். இரண்டாவது வேலைக்குப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்: உனக்கு என்ன பிடிக்கும், யாரோடு பிடிக்கும், எந்த இடத்தில் வெட்கமில்லாமல் வேர்ப்பாய்?

அளப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அளக்காமல் என் தொழிலில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. அளக்கும் நாளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நாஃபா நடக்கும் நாளில் திடலில் எல்லாரும் இருப்பார்கள், இருந்தே ஆக வேண்டும். தேர்வு முடிந்த மறுநாள், ஆசிரியர் இல்லாத சாயங்காலம், யாராவது ஒருவர் மாடியிலிருந்து அந்தத் திடலைப் பார்த்து எத்தனை பேர் என்று எண்ணட்டும். எத்தனை பெண்கள், எத்தனை குண்டுப் பிள்ளைகள், நேற்றுக் கடைசியாக ஓடி முடித்தவர்களில் எத்தனை பேர் என்றும் எண்ணட்டும். அந்த எண் கூடினால் ஒரு பள்ளிக்கு விருது கொடுக்கலாம்.

அதற்கு முதலில் திடலின் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பந்தும் வேண்டும்.